செல்லப் புழுக்கள்

காலை ஏழரை மணிக்குக் கதவைத் திறந்து உள்ளே போனதும் பூச்சியக்கா விளக்கைப் போடமாட்டாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்று காது கொடுப்பாள். இரண்டாயிரம் புழுக்கள் முட்டைக்கோஸ் இலையை மெல்லுகிற சத்தம் அந்த அறையில் கேட்கும் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கேட்கும். பதினெட்டு வருஷம் பழகிய காது அது. சத்தம் சரியாக இருந்தால் அன்றைக்கு அவளுக்கு எல்லாமே சரியாக இருக்கும்.

பூச்சியக்கா என்பது கம்பெனியில் வைத்த பெயர். பூச்சிமருந்து தயாரிக்கிற கம்பெனி. அங்கே மருந்து கலக்க அறுபது பேர், புட்டியில் அடைக்க நாற்பது பேர், பூச்சி வளர்க்க இவள் ஒருத்தி. பூச்சியைக் கொல்கிற இடத்தில் பூச்சி வளர்க்க ஆளா என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. இவளும் அலுக்காமல் விளக்குவாள். மருந்து கொல்லுமா கொல்லாதா என்று பார்க்கப் பூச்சி வேண்டாமா? ஒவ்வொரு முறை மருந்து காய்ச்சி முடித்ததும் ஒரு புட்டி இவள் மேசைக்கு வரும். இலையை அதில் பத்து நொடி முக்கி, நிழலில் உலர்த்தி, கண்ணாடித் தட்டில் வைத்து, தட்டுக்குப் பத்துப் புழு விடுவாள். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பாள். அசையாவிட்டால் செத்ததாகக் கணக்கு. பத்துக்குப் பத்து என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அதற்குக் கீழே ஆய்வுப் பிரிவு அதிகாரி போடுவார். அவரைக் கம்பெனி முழுக்கக் 'கையெழுத்து சார்' என்றுதான் சொல்லும். போனில் பேசிக்கொண்டே, தாளைப் பார்க்காமலே, சரியான இடத்தில் கையெழுத்துப் போடுகிற வித்தை அவருக்குக் கைவந்திருந்தது.

சாகக் கொடுக்கப்போகிற புழுக்களை அவள் வளர்த்த வளர்ப்பைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். அந்துப்பூச்சிக்குப் பஞ்சில் தேன்தண்ணீர். முட்டையிட வசதியாக, கோஸ் சாறு தடவிய அலுமினியத் தாள். கோடையோ குளிரோ, அறையில் சூடு ஒரே அளவு. வெளியிலிருந்து ஒரு ஈ கூட உள்ளே வரக்கூடாது. நோய் தொற்றிவிடும், வேறு இனம் கலந்துவிடும் என்று கதவிலேயே சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மீறினால் வேலை போய்விடும். அந்தச் சட்டத்தை எழுதச் சொன்னவளே இவள்தான்.

தீனிதான் பெரிய விஷயம். மருந்து வாடை பட்ட இலையைப் போட்டால் சோதனைக்கு முன்பே புழு போய்ச் சேர்ந்துவிடும். அதனால் இவள் வீட்டுக்காரர் தன் கோஸ் வயலில், வீட்டை ஒட்டினாற்போல் நாலு வரிசையைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். அதில் மருந்து ஒரு சொட்டு கூட விழாது. காற்றடிக்கிற திசை பார்த்து, நடுவே உயரமாகச் சோளம் கூட வைத்திருந்தார். தினமும் காலையில் ஒரு கூடை இலை பறித்துக் கழுவி, வடித்து, ஈரத்துணி போட்டு மூடிக் கொடுத்தனுப்புவார்.

"மருந்து கம்பெனிக்காரி வீட்டுல மட்டும் மருந்து போடாத கோஸ்! கெட்டிக்காரியாத்தான் இருக்கா," என்று பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனார் வேலிக்கு மேல் குரல் கொடுப்பாள். அவளும் கோஸ்தான் போட்டிருந்தாள். அந்தத் தெருவில் எல்லோருமே கோஸ்தான்.

"அது புழுவுக்குப் போடுறது அண்ணி. நாங்க சாப்பிடறது இந்தப் பக்கம் இருக்கறது."

"அப்ப புழுவுக்கு நல்ல சாப்பாடு, என் தம்பிக்கு மிச்சமா? நல்லா இருக்குடியம்மா உன் குடித்தனம்."

இப்படிச் சண்டை மாதிரி பேசிக்கொள்வது இரண்டு பேருக்கும் காலை டீ மாதிரி. இல்லாவிட்டால் பொழுது போகாது.

கம்பெனியின் அந்த மருந்துக்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. வாயில் நுழையாது என்பதால் தெருவில் எல்லோரும் 'நீலமூடி' என்றார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் புட்டியை இவள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதற்கு முன்பு கோஸ் போடுவது என்பது புழுவுக்கும் மனிதனுக்கும் நடக்கிற பந்தயம். பாதி அவர்களுக்கு, பாதி நமக்கு. வீட்டுக்காரர் ஒரு மாலை நீலமூடியை அடித்தார். மறுநாள் காலையில் பாத்தி நெடுகப் புழு உதிர்ந்து கிடந்தது. அந்தத் தடவை வெட்டிய கோஸில் ஓர் ஓட்டை இல்லை. நாத்தனார் ஒன்றை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்து, "ஏன்டா, இது கடையில வாங்கி வச்சதில்லையே?" என்று கேட்டாள். அடுத்த பட்டத்தில் தெரு முழுக்க நீலமூடிதான். கம்பெனிக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் வாங்கினார்கள். அதில் இவளுக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்ததும் உண்மை.

முதலில் ஒரு பயிருக்கு ஒரு தடவை அடித்தால் போதும். அப்புறம் மாதம் ஒரு தடவை, அப்புறம் வாரம் ஒரு தடவை. மூன்று நாளுக்கு ஒரு தடவை அடிக்க ஆரம்பித்தபோதுகூட யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. பிள்ளை வளர்வது பெற்றவர்களுக்குத் தெரியாத மாதிரிதான். போன வருஷம் பாதி கோஸ் போனது. இந்த வருஷம் முழுசாகவே போனது. இலையெல்லாம் நரம்பு மட்டும் மிஞ்சி நின்றது. அடித்த மருந்தின் வாடை அப்படியே இருக்க, அதன் மேலேயே உட்கார்ந்து புழு தின்றது.

தெருக்காரர்கள் கூடிக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மருந்தில் வீரியம் இல்லை, ஏமாற்றுகிறீர்கள் என்று நேராகவே எழுதியிருந்தார்கள். முதல் கையெழுத்து இவள் வீட்டுக்காரருடையது. மூன்று வாரத்தில் பதில் வந்தது.

அவர் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அதைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார். "எங்கள் மருந்து நூற்றுக்கு நூறு வேலை செய்வது ஆய்வில் உறுதியாகி உள்ளது. அளவைக் குறைத்து, தண்ணீரை அதிகமாகக் கலந்து தெளித்ததே தங்கள் சேதத்துக்குக் காரணம். ஆய்வுத்தாள் இணைக்கப்பட்டுள்ளது."

இணைத்திருந்த தாளை மேசை மேல் வைத்து அவள் பக்கம் திருப்பினார். பத்துக்குப் பத்து. கீழே இரண்டு கையெழுத்து.

"இது உன்னோடது தானே?"

"என்னோடதுதான். ஆனா நான் புழு செத்ததுக்குப் போட்டேன். நீங்க தண்ணி ஊத்துனீங்கன்னு போடலியே."

"எனக்குத் தெரியுது. தெருவுக்கு அப்படித் தெரியாதே."

அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. போட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பிட்டு எழுந்து தன் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

அந்த வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. கல்யாணமான புதிதிலிருந்து இரவில் இரண்டு தட்டையும் கழுவுகிறவர் அவர்தான். நாளெல்லாம் புழுத் தட்டு கழுவி வருகிறவள் வீட்டிலும் கழுவ வேண்டுமா என்பது அவர் நியாயம். ஊர் கூடி இருந்தாலும், காய்ச்சலோடு இருந்தாலும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு போவார். அன்றைக்கு அவள் தட்டு மேசை மேலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவர் வருத்தத்துக்குக் காரணம் இருந்தது. தெருவில் அவர் பெயர் 'சொட்டு'. அளவு தப்பவே தப்பாத மனிதர். மருந்து மூடியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, கோடு வரை வந்துவிட்டதா என்று பார்ப்பார். பிறகு கடைசிச் சொட்டு இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் பயத்தில் இரண்டு மூடி, மூன்று மூடி என்று ஊற்றியபோதும் புட்டியில் போட்டிருந்த அளவை அவர் மீறவில்லை. அந்த மனிதரைப் பார்த்து அளவு தெரியாதவர் என்று கடிதம் சொன்னது. அதற்குப் பெண்டாட்டியே சாட்சி.

வெட்கத்தை விட்டுச் சொல்லவேண்டுமானால், பூச்சியக்காவுக்கும் ஒரு நாள் சந்தேகம் வந்தது. மறுநாள் காலையில் அவர் மருந்து கலக்கும்போது சமையலறை ஜன்னல் ஓரத்தில் ஒளிந்து நின்று பார்த்தாள். அதே மூடி, அதே ஒற்றைக் கண், அதே மூச்சுப் பிடிப்பு. வாளித் தண்ணீரைக்கூடக் கோடு பார்த்துத்தான் நிரப்பினார். தன் புருஷனை வேவு பார்த்ததற்காகத் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

அப்படியானால் பொய் சொல்வது யார்? அவர் சொட்டு தப்பவில்லை. அவள் எண்ணியதில் ஒரு புழு தப்பவில்லை. இந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. விடையைக் கண்டுபிடிக்காமல் வீட்டில் அந்தத் தட்டு கழுவப்படாது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு விடுமுறை நாளில் அவள் வயலில் உட்கார்ந்திருந்தாள். பழக்க தோஷத்தில் தூரிகையையும் கொண்டு போயிருந்தாள். ஒரு புழுவைத் தொட்டாள். அவ்வளவுதான், அது பின்பக்கமாகத் துள்ளி, இலையை விட்டுக் குதித்து, ஒரு நூலில் தொங்கிக்கொண்டு ஆடியது. இன்னொன்றைத் தொட்டாள். அதுவும் துள்ளிக் குதித்தது. பூச்சியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அறைப் புழுக்கள் இப்படியெல்லாம் செய்வது கிடையாது. தொட்டால் கொஞ்சம் நெளியும், மறுபடி தின்னும். அவை தப்பிக்க வேண்டிய ஆபத்து எதையும் பார்த்ததே இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் தன் மொட்டை வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னடி, வீட்டுலயும் புழுவோடவே கொஞ்சிக்கிட்டு இருக்க?"

"அண்ணி, எங்க கம்பெனிப் புழு வேற, இந்தப் புழு வேற மாதிரி இருக்கு."

"இருக்காதா பின்னே? உன் புழு உட்கார்ந்த இடத்துல சாப்பிடறது. எங்க புழு பன்னெண்டு வருஷமா நீலமூடியக் குடிச்சு உடம்பத் தேத்தினது."

நாத்தனார் வேடிக்கையாகத்தான் சொன்னாள். பூச்சியக்கா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தாள். பதினேழு நாளைக்கு ஒரு தலைமுறை. வருஷத்துக்கு இருபதுக்கு மேல். பதினெட்டு வருஷத்தில் நானூறு தலைமுறையை நெருங்கிவிடும். அவள் அறையில் மருந்தைப் பார்த்த புழுவெல்லாம் செத்தது, பார்க்காததுதான் பிள்ளை பெற்றது. வயலில் நடந்தது தலைகீழ். மருந்தைப் பார்த்தும் சாகாத புழுதான் அங்கே பிள்ளை பெற்றது. பன்னிரண்டு வருஷமாக நீலமூடி வேலை செய்கிறதா என்று கம்பெனி கேட்டுக்கொண்டிருந்தது, நீலமூடியைப் பற்றிக் கேள்விப்படாத புழுக்களிடம்.

மறுநாள் அவள் சாப்பாட்டு டப்பாவில் சாப்பாடு இல்லை. வயலிலிருந்து பொறுக்கிய முப்பது புழு இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அந்த நாலு வரிசையிலிருந்தும் பத்துப் புழு எடுக்க நினைத்தாள். தேடித் தேடி நாலுதான் கிடைத்தது. அங்கே எப்போதுமே குறைவுதான்; தினமும் இலையைப் பறித்துவிடுகிறோமே, அதனால் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இலை அடியில் அரிசி மணி அளவில் பழுப்பாக ஏழெட்டுக் கூடு ஒட்டியிருந்தது. அந்துப்பூச்சிக் கூடு மாதிரி இல்லை. அதையும் இலையோடு கிள்ளிப் போட்டுக்கொண்டாள்.

கம்பெனி வாசலில் காவலர் டப்பாவைப் பார்த்தார். உள்ளே போகிற எதையும் திறந்து பார்ப்பது அவர் வேலை.

"இன்னைக்கு என்னக்கா சாப்பாடு?"

"கோஸ்."

"நேத்தும் கோஸ் தானே?"

"எங்க தோட்டத்துல வேற என்ன விளையுது? திறந்து பாக்கறீங்களா?"

காவலர் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். "வேணாம்க்கா. உங்க டப்பாவுல எது இருக்கும்னு சொல்லவே முடியாது."

பதினெட்டு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான். பூச்சியக்கா டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கதவில் ஒட்டியிருந்த சிவப்பு எழுத்தைப் பார்க்காமல், வளர்ப்பு அறைக்குள் டப்பாவைக் கொண்டு போகாமல், வெளியே தட்டு கழுவுகிற மேடையிலேயே கடை விரித்தாள். தன் சட்டத்தைத் தானே மீறினாலும் பாதிதான் மீறினோம் என்று ஒரு சமாதானம். அன்றைக்கு வந்த புத்தம் புது நீலமூடிப் புட்டியைத் திறந்து, வீட்டுக்காரர் மாதிரியே மூடியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தாள். மூன்று தட்டில் அறைப் புழு. மூன்று தட்டில் வயல் புழு. எல்லாம் ஒரே வாளி மருந்தில் முக்கிய இலை. நாலு வரிசைப் புழுக்களையும் அந்தப் பழுப்புக் கூடுகளையும் மருந்தில்லாமல் தனித் தட்டில் வைத்து ஓரமாக நகர்த்தினாள்.

இரண்டாம் நாள் மதியம் கையெழுத்து சார் போனில் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தார். தாள் எங்கே என்று கையாலேயே கேட்டார். அப்போது அவர் கண் மேடைமேல் போனது. போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"என்ன பூச்சியக்கா இது? இந்தத் தட்டுல மருந்து போட மறந்துட்டீங்களா?"

"போட்டிருக்கு சார்."

"எல்லாம் உயிரோட இருக்கே!"

"உயிரோட மட்டுமா சார் இருக்கு? இலையைக் காலி பண்ணிட்டு இன்னும் வேணும்னு பாக்குது."

உண்மைதான். ஒரு பக்கம் மூன்று தட்டிலும் அவளுடைய செல்லப் புழுக்கள் வரிசையாகச் சுருண்டு கிடந்தன. இன்னொரு பக்கம் அதே மருந்தைத் தின்றுவிட்டு முப்பதில் இருபத்தெட்டு புழு கொழுத்து நெளிந்தது. சார் தூரிகையை வாங்கித் தொட்டார். புழு துள்ளிக் குதித்து அவர் சட்டைக் கையில் தொங்கியது.

"வெளிப்புழுவை உள்ள கொண்டு வந்தீங்களா? உங்க வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். நான்தான் எழுதச் சொன்னேன்." அவள் அதோடு நிறுத்தவில்லை. "ஆனா எங்க வீட்டுக்காரர் அளவு தப்பலன்னு எனக்குத் தெரியணும். கடிதத்துல அவர் தண்ணி ஊத்துனார்னு எழுதி என் கையெழுத்த வச்சு அனுப்பிட்டீங்க. பதினெட்டு வருஷமா நான் தப்பா ஒண்ணும் எண்ணல. அவரும் தப்பா ஒண்ணும் ஊத்தல. நம்ம புழுதான் சார், உலகம் தெரியாம வளர்ந்துடுச்சு."

சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். அவர் அதை அணைத்தார். அவர் போனை அணைத்து அவள் பார்த்ததே இல்லை. இரண்டு மடங்கு மருந்து போட்டு அவரே ஒரு தடவை செய்து பார்த்தார். அடுத்து நாலு மடங்கு. வயல் புழுக்கள் கொஞ்சம் முகம் சுளித்தன, அவ்வளவுதான்.

நாலாம் நாள் ஓரத் தட்டில் வேறொரு வேடிக்கை. பழுப்புக் கூடுகள் திறந்திருந்தன. அந்துப்பூச்சி வரவில்லை. எறும்பைவிடச் சின்னதாக, மெல்லிய இடுப்போடு, கறுப்பாகச் சில குளவிகள் மூடியின் உள்பக்கம் நடந்துகொண்டிருந்தன. பூச்சியக்கா பயந்துபோய் சாரைக் கூப்பிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இதைப் படிச்சிருக்கேன்க்கா. காலேஜ்ல படிக்கறப்போ இதைத் தேடி ஒரு வருஷம் அலைஞ்சிருக்கேன். புழுவுக்குள்ள முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே தின்னு வளரும். புழு தீர்ந்துடும், குளவி வெளிய வரும்." அவர் குரலே மாறியிருந்தது. "எங்கேருந்து கிடைச்சது?"

"மருந்தே படாத நாலு வரிசையிலேருந்து சார். நம்ம புழுவுக்கு இலை வருதே, அங்கேருந்து."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீலமூடி முதல் வருஷமே வயலில் முழுசாகத் தீர்த்துக்கட்டியது இந்தக் குளவிகளைத்தான் என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புழு மருந்தைப் பழகிக்கொண்டது. குளவிக்குப் பழக அவகாசமே கிடைக்கவில்லை. கம்பெனியின் செல்லப் புழுக்களுக்குத் தீனி போடப்போய், அந்த நாலு வரிசையில் குளவிகள் யாருக்கும் தெரியாமல் பிழைத்துக் கிடந்தன.

"இதை எப்படிக்கா எழுதறது?" என்றார் சார். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். முகத்தில் அந்தப் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"நீங்க ஒண்ணும் எழுத வேணாம். நான் எழுதறேன். நீங்க எப்பவும் போலப் படிக்காம கையெழுத்துப் போட்டுடுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாருக்கு முகம் சிவந்தது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் எழுதிய தாளை அவர் அன்றைக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். திரும்பவும் ஒரு தடவை படித்தார். ஓர் இடத்தில் எண்ணைச் சரிபார்த்தார். அதன் பிறகுதான் பேனாவைத் திறந்தார். கையெழுத்து சார் கையெழுத்துப் போட இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார் என்று கம்பெனியில் பிறகு யார் சொல்லியும் யாரும் நம்பவில்லை.

கம்பெனி ஒரேயடியாகத் திருந்திவிட்டது என்று சொல்ல வரவில்லை. மேலே கூட்டம் போட்டார்கள், கத்தினார்கள், பூச்சியக்காவை ஒரு நாள் கூப்பிட்டு வைத்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். சட்டத்தை மீறியதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்கள். அவள் அதை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். ஆனால் கண்ணெதிரே தட்டில் நெளிகிற புழுவை யாராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கோஸுக்கு நீலமூடி வேண்டாம் என்று புட்டியில் ஒரு வரி சேர்ந்தது. வளர்ப்பு அறைக்குப் பக்கத்தில் இன்னொரு அறை திறந்தார்கள். அதில் வலைக்கூண்டு, தேன்தண்ணீர், பஞ்சு எல்லாம் உண்டு. கூண்டுக்குள் குளவி. 'பூச்சியக்கா' என்ற பெயர் இப்போதுதான் முழுசாகப் பொருந்துகிறது என்று சார் கேலி செய்தார். இப்போதெல்லாம் அவர் தினமும் காலையில் வந்து கூண்டுக்கு முன்னால் நிற்கிறார். போன் அடித்தால் எடுப்பதில்லை.

தெருவுக்குக் கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை. நாத்தனார்தான் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பிரிக்காமல் நேராகத் தம்பி கையில் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் ஒரு கடிதத்தைப் பிரிக்காமல் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அன்று இரவும் மேசையில் இரண்டு தட்டு. முப்பத்தெட்டு நாளாக அவரவர் தட்டை அவரவர் கழுவிக்கொண்டிருந்தார்கள். பூச்சியக்கா நாளை எண்ணி வைத்திருந்தாள்; எண்ணுவதுதானே அவள் வேலை. அவர் கடிதத்தை அவளிடம் நீட்டினார்.

"நீயே படி. எனக்குக் கண்ணு சரியா தெரியல."

ஒரு சொட்டை ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவருக்குக் கண் தெரியவில்லையாம். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள். "தங்கள் பகுதிப் புழுக்கள் இந்த மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை என்பது ஆய்வில் உறுதியானது. மருந்தைக் கலந்த அளவில் எந்தத் தவறும் இல்லை. முன்பு அனுப்பிய கடிதத்துக்கு வருந்துகிறோம். புதிய ஆய்வுத்தாள் இணைக்கப்பட்டுள்ளது."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நடு வரியை இன்னொரு தடவை படி."

"மருந்தைக் கலந்த அளவில் எந்தத் தவறும் இல்லை."

"தாள்ல கீழ யார் கையெழுத்து?"

"சார் போட்டிருக்கார். மேல நான்."

அவர் தலையை ஆட்டினார். நாளைக்கு அந்த நாலு வரிசையை எட்டாக்கலாமா என்று கேட்டார். பன்னிரண்டாக்கலாம் என்றாள் அவள். அண்ணியும் தன் பக்கத்தில் நாலு வரிசை விடப்போவதாகச் சொன்னாள், ஆனால் குளவி கொட்டினால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்றும் சொன்னாள் என்றாள். அவர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்கிற அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கடிதத்தை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

அவர் எழுந்தார். தன் தட்டை எடுத்தார். அதன் மேல் அவள் தட்டையும் எடுத்து அடுக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தார்.

"ஏங்க, நான் இன்னும் சாப்பிட்டே முடிக்கலீங்க!"

அதற்குள் அவர் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்.